உலகச் சமயங்களைப் படிக்க: கையில் தங்கியவையும் கைவிட்டவையும்

சமயங்களைப் பற்றிய அனிமேஷன் காணொளிகளை நான் பார்ப்பது இப்போது குறைந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தோற்றுவித்தவர், புனித நூல், நம்பிக்கைகள், பண்டிகைகள் என்று எல்லாச் சமயத்தையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகின்றன. ஜப்பானின் மரபுச் சமயமான ஷிண்டோவுக்குத் தோற்றுவித்தவரை எங்கே போய்த் தேடுவது? சில ஆண்டுகள் கழித்தும் நான் திரும்பத் திரும்பத் திறப்பவை, நூலையே நம் முன்னால் வைக்கும் தளங்கள்தான்.

முதலில் செஃபாரியா. யூத நூல்களுக்கான இலவசத் தளம். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான டால்முடின் முதல் பகுதி முன்னுரையே இல்லாமல், மாலையில் ஷெமா என்ற வழிபாட்டு வாசகத்தை ஓதுவதை எந்நேரத்தில் தொடங்கலாம் என்ற கேள்வியோடு ஆரம்பிக்கிறது. பதில் ஒன்றல்ல, ஆளுக்கொன்று. ஒரு வரியைத் தொட்டால் பக்கவாட்டில் இடைக்கால உரையாசிரியர் ராஷி முதல் பிற்கால உரைகள் வரை திறக்கின்றன. அச்சுப் பதிப்பிலும் நடுவில் மூலம், சுற்றிலும் உரைதான். அந்த வாதப் போக்கை எந்தக் காணொளியும் இப்படி எனக்குக் காட்டியதில்லை. யூத அறிஞர் ஸ்டைன்சால்ட்ஸின் ஆங்கில டால்முட் மொழிபெயர்ப்பு 2017இல் இங்கே இலவசமாக வந்தது. அது இல்லாவிட்டால் நான் உள்ளேயே போயிருக்க முடியாது.

அடுத்தது குர்ஆன்.காம். ஓதும்போது சொல் சொல்லாக நிறம் மாறிக்கொண்டே வரும். அரபி எழுத்து தெரியாதவர்கூடப் பின்தொடரலாம். தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. ரஹ்மான் சூராவை (அத்தியாயத்தை) எடுத்துக்கொள்ளுங்கள். 78 வசனங்களில் 31 முறை ஒரே கேள்வி வருகிறது: உங்கள் இறைவனின் அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குவீர்கள்? மொழிபெயர்ப்பை மட்டும் படித்தபோது எனக்குச் சலிப்புத் தட்டியது. எகிப்தின் அப்துல் பாஸித் ஓதுவதைக் கேட்டபின்தான் அது பல்லவிபோல் சூராவையே தாங்கி நிற்பது புரிந்தது. அவர் நிதானமாக ஓதியதும் (முரத்தல்) இசைநயத்தோடு நீட்டி ஓதியதும் (முஜவ்வத்) இரண்டும் அங்கே உண்டு. ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

பௌத்தத்துக்கு சுத்தசென்ட்ரல். பாலி மொழியிலுள்ள ஒரு சுத்தத்துக்கு (புத்தரின் உரைக்கு) இணையானது சீன ஆகமத்தில் (அத்தகைய உரைகளின் சீனத் தொகுப்பில்) எங்கே இருக்கிறது என்று காட்டும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு விருந்து, புதிதாக வருபவர் கொஞ்சம் திணறுவார்.

முறையான பாடம் வேண்டுமென்றால் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஹார்வர்டின் சமயப் படிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு சமயத்துக்குள்ளும் பல குரல்கள் உண்டு, அவை காலத்தோடு மாறுகின்றன, பண்பாட்டின் எல்லா மூலையிலும் கலந்திருக்கின்றன என்ற அடிப்படையில் நடத்துகிறார்கள். சமயங்களைப் பார்க்க இது நல்ல மூக்குக் கண்ணாடி. காணொளிகளைவிட அங்கே தரும் வாசிப்புப் பகுதிகளே எனக்கு அதிகம் உதவின. சான்றிதழுக்குக் கட்டணம், படிக்க மட்டும் என்றால் தேவையில்லை.

ஒரு மனக்குறையும் உண்டு. நான் விரும்பிப் பயன்படுத்திய கோயில், மசூதி, தேவாலய உள்ளுலாப் பக்கம் ஒன்று, இணையப் பக்கங்களில் அசைவூட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் கட்டப்பட்டது. 2020 முடிவில் ஃபிளாஷ் போனதும் அதுவும் போனது. மாற்றிக் கட்ட யாரும் முன்வரவில்லை. அதனால் இப்போது புதிதாக எதையும் சேர்க்கும் முன், நூலையும் ஒலியையும் தரவிறக்க விடுகிறார்களா என்று பார்க்கிறேன். செஃபாரியாவின் கைபேசிச் செயலியில் நூல்களை இறக்கிவைத்து இணையம் இல்லாமலும் படிக்கலாம். பேருந்துப் பயணத்தில் அதுதான் உதவுகிறது.