வோஷிங் மெஷின் கதவு திறபடவில்லையென்று ஆளைக் கூப்பிட முதல் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கே வந்து வோஷிங் மெஷின் திருத்தித் தருகிறோம் என்று பேஸ்புக்கில் விளம்பரம் போடும் ஒருவர், எங்களிடம் 18,500 ரூபா வாங்கிக்கொண்டு போய்விட்டார். மெஷினில் எரிந்த சாமான் ஒன்றுமே இல்லை.

எங்களுடையது முன்பக்கம் கதவு உள்ளது. தோய்க்கும்போது இடையில் நின்றுவிட்டது, உள்ளே அரைவாசிக்குத் தண்ணீர், பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளை உடுப்பு அதற்குள் ஊறிக்கொண்டு கிடக்கிறது. வந்தவர் கதவு இடுக்கில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினார், கைபிடி வெடித்ததுதான் மிச்சம். பிறகு "அக்கா, டோர் லொக்கும் போர்ட்டும் எரிஞ்சு போச்சு, கொழும்பிலயிருந்துதான் எடுக்கவேணும்" என்று சொல்லி, முழுக்காசையும் வாங்கி, போர்ட்டையும் (மெஷினை இயக்குகிற மின்சுற்றுப் பலகை) கழற்றிக்கொண்டு போனார். கழற்ற முதல் மகன் வயர்களைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். "புதுப் போர்ட்" என்று கொண்டுவந்து பூட்டியதைப் படத்தோடு வைத்துப் பார்த்தால் அதே கிழிந்த ஸ்டிக்கர், அதன் மேல் அதே நீலப் பேனைக் கீறு! கதவு அப்போதும் திறக்கவில்லை. பில் கேட்டேன், பிறகு தாறன் என்றார். அதோடு போன் ஓஃப்.

கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணாதான் வந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் நிற்கும்வரை கதவு திறக்காது, வெள்ளம் வெளியே கொட்டாமல் இருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்றார். பிளக்கைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, தட்டையான தாச்சி ஒன்றை வைத்து, தண்ணீரை வெளியேற்றும் பம்பின் பில்டரை மெல்ல மெல்லத் திருகினார் (சுடுதண்ணீரில் தோய்த்திருந்தால் முதலில் ஆறவிடுங்கள்). தண்ணீர் வடிய வடியத் தாச்சியை மாற்றிக்கொண்டிருந்தோம். பம்புக்குள் ஒரு இரண்டு ரூபாக் குற்றி, ஒரு சேப்டி பின், பஞ்சுபோலத் திரண்ட நூல். அதெல்லாம் எடுத்து, பில்டரைப் பூட்டி, கரண்டைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் டக்கென்று சத்தம், கதவு திறந்துவிட்டது.

தண்ணீர் இல்லாமலே கதவு பூட்டிக் கிடந்தால் சைல்ட் லொக் (பிள்ளைகள் பட்டன்களை அமத்தாமல் இருக்கப் போடும் பூட்டு) போட்டிருக்கிறதா பாருங்கள். கரண்டை நிற்பாட்டி ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள், பல மெஷின்களில் லொக்குக்குள் சூடாகிற சின்னத் தகடு ஆறினால்தான் அது விடும். சில மொடல்களில் பில்டருக்குப் பக்கத்திலேயே அவசரத்துக்கு இழுத்துத் திறக்க ஒரு நாடாவும் இருக்கும். இவ்வளவும் பார்த்தும் சரிவராவிட்டால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். வருபவர் பில்டரைத் திறந்து பார்க்காமலே போர்ட் எரிந்துவிட்டது என்றால் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். போர்ட்டைக் கழற்ற முதல் படம் எடுங்கள், மாற்றினால் பழையதைக் கையில் வாங்குங்கள், பில் இல்லாமல் காசு இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

நான் படங்களோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட்டிருக்கிறேன், அவர்களின் இலக்கம் 1977. வேறு யாருக்கும் இப்படி நடந்திருந்தால் தயவுசெய்து நீங்களும் முறையிடுங்கள், அந்த விளம்பரம் இன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.