ஒயரா, ஒயர்லெஸ்ஸா, காரின் சொந்த மேப்பா? டேஷ்போர்டில் போன்: ஓர் அலசல்

புது கார் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஆப்பிள் கார்பிளே நல்லதா, ஆண்ட்ராய்டு ஆட்டோ நல்லதா?" என்பது. இரண்டுமே போனின் மேப், பாட்டு, அழைப்பு எல்லாவற்றையும் கார் ஸ்கிரீனில் காட்டும் வசதிகள். கேள்விக்கான பதில் ஏற்கெனவே உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ஐபோன் வைத்திருந்தால் கார்பிளே, மற்றவர்களுக்கு ஆண்ட்ராய்டு ஆட்டோ. காருக்காகப் போனை மாற்றியவரை நான் பார்த்ததில்லை. உண்மையில் முடிவெடுக்க வேண்டியவை வேறு: ஒயரா ஒயர்லெஸ்ஸா, போன் மேப்பா காரின் சொந்த மேப்பா, பழைய காராக இருந்தால் புது ஸ்டீரியோவா வெறும் ஹோல்டரா. ஷோரூமில் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டிலும் வேலை செய்வது போன்தான். மேப்பை வரைவது, பாட்டை எடுப்பது, நீங்கள் பேசுவதைப் புரிந்துகொள்வது எல்லாம் போனின் வேலை. கார் ஸ்கிரீன் வருகிற படத்தைக் காட்டும், நீங்கள் எங்கே தொட்டீர்கள் என்று போனுக்குச் சொல்லும், அவ்வளவே. அதனால்தான் 2015 அக்டோபரில் கார்பிளேயுடன் வந்த மாருதி பலேனோவில் இன்றைய ஐபோனைச் செருகினாலும் இன்றைய கார்பிளேதான் திரையில் வரும். கார் கம்பெனி அப்டேட் தர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பத்து வருடம் ஓட்டப்போகும் காரில் இது சின்ன விஷயமில்லை.

கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும்

கார்பிளே 2014 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் வந்தது. ஆண்ட்ராய்டு ஆட்டோ சரியாக ஒரு வருடம் கழித்து, 2015 மார்ச்சில். ஆரம்பத்தில் வித்தியாசம் பெரிது. கார்பிளேயில் 2018 வரை ஆப்பிள் மேப்ஸ் மட்டுமே. நம் ஊரில் அதை நம்பிப் புறப்படுவது தைரியசாலிகள் வேலை. ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ், அதன் 12-ஆம் பதிப்பில் கூகுள் மேப்ஸுக்கு வழி திறந்த பிறகுதான் இந்தியாவில் கார்பிளேக்கு உயிர் வந்தது. இப்போது மேப்மைஇந்தியா என்ற நம் நாட்டு நிறுவனத்தின் மேப்பிள்ஸ் மேப்பும் இரண்டிலும் ஓடுகிறது.

இன்றும் கூகுள் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுக்கே முதல் பந்தி. 2024 ஜூலையில் இந்தியாவில் "மேம்பாலத்தில் ஏறுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லும் வசதி 40 நகரங்களில் வந்தது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் முதலில், கார்பிளேக்கு அப்புறம். சென்னையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். பாலத்தின் மேலே இருக்கிறோமா கீழே சர்வீஸ் ரோட்டில் இருக்கிறோமா என்று ஜிபிஎஸ்ஸுக்குச் சட்டென்று புரியாது. கத்திப்பாராவில் ஒரு இறக்கத்தைத் தவறவிட்டால் திரும்பி வருவதற்குள் பாதி பாட்டு கேட்டு முடித்துவிடலாம்.

கார்பிளேயில் என்னை நெடுநாள் எரிச்சல்படுத்தியது இன்னொன்று. விமான நிலையம் பக்கமிருந்து கத்திப்பாரா நோக்கி வருகிறீர்கள், எந்தப் பிரிவில் போக வேண்டும் என்று பார்க்க வேண்டிய அதே நொடியில் ஒரு அழைப்பு வரும். ஸ்கிரீன் முழுவதும் அழைத்தவர் பெயரும் பச்சை, சிவப்பு பொத்தானும். மேப் காணாமல் போய்விடும். எடுப்பதா வெட்டுவதா என்று முடிவு செய்வதற்குள் பிரிவு தாண்டிவிடும். ஆண்ட்ராய்டு ஆட்டோ இதைச் சின்னப் பட்டையாகக் காட்டி, மேப்பைத் தொடாமல் விட்டுவிடும். ஆப்பிள் இதைத் திருத்த 2025 வரை, ஐஓஎஸ் 26 வரை எடுத்துக்கொண்டது.

ஆனால் ஒழுங்கு என்று வந்தால் கார்பிளே ஒரு படி மேல். எந்தக் காரில் செருகினாலும் ஒரே மாதிரி இருக்கும், ஐகான் பெரிது, தட்டினால் உடனே திறக்கும். மேப், பாட்டு, காலண்டரில் இருக்கும் அடுத்த சந்திப்பு மூன்றையும் ஒரே பார்வையில் காட்டும் டேஷ்போர்டு 2019-இலேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு அதற்கு ஈடான புதிய தோற்றம் 2023 தொடக்கத்தில்தான் கிடைத்தது. அப்புறம் ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் குணம் மாறும். ஒரு கம்பெனி போன் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணியில் ஓடுவதை நிறுத்தும், இணைப்பு அறுந்துவிடும். அடுத்த வீட்டுக்காரர் அதே காரில் வேறு போனோடு நிம்மதியாக ஓட்டுவார். ஐபோனில் இந்த லாட்டரி குறைவு.

குரலில் இரண்டும் முன்னேறியிருக்கின்றன. கூகுள் மேப்ஸைத் தமிழில் வழி சொல்ல வைக்கலாம். ஆங்கிலக் குரல் நம் ஊர்ப் பெயர்களைக் கொலை செய்வதைக் கேட்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரி, ஐஓஎஸ் 18-இலிருந்து இந்திய ஆங்கிலத்தோடு தமிழையும் கலந்து பேசினால் புரிந்துகொள்ள முயல்கிறது. முயல்கிறது என்றுதான் சொல்வேன்.

ஒயர், ஒயர்லெஸ்

எனக்கு இதுதான் உண்மையான போட்டி. ஒயர்லெஸ் எப்படி இணைகிறது என்று தெரிந்தால் அதன் கோளாறுகளும் புரிந்துவிடும். முதலில் புளூடூத் வழியாகக் காரும் போனும் ஒன்றையொன்று அடையாளம் காணும். உடனே கார் தன் சொந்த வைஃபையைத் தரும், போன் அதில் சேரும். படமும் பாட்டும் ஓடுவது அந்த வைஃபையில். புளூடூத், வைஃபை, ஜிபிஎஸ், மொபைல் டேட்டா நான்கும் ஒரே நேரத்தில் இயங்கினால் போன் சூடாகாமல் என்ன செய்யும்? அதைக் கொண்டுபோய் ஒயர்லெஸ் சார்ஜிங் தட்டில் வேறு வைக்கிறோம். ஐபோனை 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறும்போதே அந்தக் கணக்கு தாண்டியிருக்கும். ஏசி குளிர்ச்சியாகும்வரை சார்ஜ் ஏறாது, சில சமயம் ஸ்கிரீன் மங்கும். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு கோளாறு குடும்பத்தில் நடக்கும். ஒரு காரில் இரண்டு பேர் போன் பதிவாகியிருக்கும். வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்கிறீர்கள். உங்கள் போன் கையில் இருக்கிறது. கார் பிடிப்பதோ வீட்டுக்குள் இருக்கும் மனைவியின் போனை. அவர் தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தால், மாமியார் குரல் திடீரென்று கார் ஸ்பீக்கரில் ஒலிக்கும். பேச்சு உங்களைப் பற்றி இல்லாமல் இருந்தால் நல்லது. எந்தப் போனுக்கு முன்னுரிமை என்று காரின் புளூடூத் செட்டிங்ஸில் வைத்துவிட்டால் பெருமளவு சரியாகும்.

ஒயரில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. செருகியவர் போன்தான் திரையில். சார்ஜும் ஏறும், பாட்டை மாற்றினால் தாமதமில்லாமல் மாறும். ஆனால் ஒயர் என்றால் கேபிளின் தரம்தான் எல்லாம். வெறும் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் நிறைய விற்கிறது. அதில் தகவல் போகாது, கார் போனைக் கண்டுகொள்ளாது. நல்ல கேபிளாகவும் ஒரு மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும், இடையில் ஹப் எதுவும் கூடாது என்பது கூகுளின் அறிவுரை. ஆண்ட்ராய்டு ஆட்டோ அடிக்கடி அறுகிறது என்று சர்வீஸ் சென்டருக்குப் போவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். போனின் சார்ஜ் துளையில் அடைந்திருக்கும் பஞ்சையும் ஒரு மரக் குச்சியால் மெல்ல எடுத்துவிடுங்கள். பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஊருக்குள் காய்கறி வாங்க, பிள்ளையை டியூஷனில் விட என்றால் ஒயர்லெஸ் சுகம். போனை வெளியே எடுக்கவே வேண்டாம். திருச்சி, மதுரை என்று நீளப் பயணம் என்றால் ஒயரைச் செருகிவிடுங்கள். இரண்டும் இருக்கிற கார் கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

விலை அதிகமான மாடலில் ஒயர்லெஸ் கட்டாயம் இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஹூண்டாய், கியா கார்களில் சில ஆண்டுகள் ஒரு விசித்திரம் இருந்தது. கீழ் வேரியன்ட்டின் 8 இன்ச் ஸ்கிரீனில் ஒயர்லெஸ். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய 10.25 இன்ச் ஸ்கிரீனில் ஒயர் மட்டும். ஒயர் மட்டுமே உள்ள காருக்கு டாங்கிள் கிடைக்கிறது. யூஎஸ்பி துளையில் செருகினால் ஒயர்லெஸ் ஆகிவிடும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது விழித்தெழக் கொஞ்சம் நேரம் எடுக்கும். விலை மலிவான டாங்கிள் என்றால் பாட்டு விட்டுவிட்டு வரும்.

காரின் சொந்த மேப்

கார் கம்பெனிகளுக்கு ஸ்கிரீனைப் போனிடம் விட்டுக்கொடுப்பதில் வருத்தம் இருக்கிறது. டெஸ்லா நீண்ட காலம் இரண்டுக்குமே இடம் தராமல் கார் விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 2023-இல், தன் புது மின்சாரக் கார்களில் இரண்டையும் நிறுத்துவதாக அறிவித்தது. திரை அவர்கள் கையில் இருந்தால் சந்தா வசூலிக்கலாம் என்பது என் சந்தேகம். நம் ஊரில் 2019-இல் ஹூண்டாய் வென்யூவும் எம்ஜி ஹெக்டரும் காருக்குள்ளேயே சிம் கார்டு வைத்து வந்தன. ஏசியை வெளியிலிருந்தே போட, வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்க அது நல்லது. இலவசக் காலம் முடிந்ததும் பணம் கட்ட வேண்டும் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்த மேப்புக்கு ஒரு நியாயமான பெருமை உண்டு. சக்கரம் எவ்வளவு சுற்றியது, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்பதைக் கார் அறியும். ஜிபிஎஸ் கிடைக்காத இடத்திலும் அம்புக்குறியை நகர்த்தும். கோவையிலிருந்து கொச்சி போகும் வழியில் குதிரான் சுரங்கத்துக்குள் போன் மேப் தடுமாறலாம், கார் மேப் தடுமாறாது. ஆனால் சுரங்கத்துக்குள் திரும்புவதற்கு வேறு சாலை ஏது? மின்சாரக் காரில் மட்டும் கதை வேறு. எவ்வளவு சார்ஜ் மிச்சம், எங்கே நின்று ஏற்றிக்கொள்ளலாம் என்பதைக் காரின் சொந்த சிஸ்டம் சேர்த்துக் கணக்குப் போடும். மற்றபடி போக்குவரத்து நெரிசல், நேற்று மூடிய சாலை, புதிதாகத் திறந்த டீக்கடை எல்லாம் போன் மேப்புக்கே முதலில் தெரியும். கொல்லிமலை மாதிரி டவர் கிடைக்காத இடத்துக்குப் போவதானால், வீட்டு வைஃபையில் அந்தப் பகுதியை முன்பே ஆஃப்லைனில் இறக்கிக்கொண்டால் போதும். கூகுள் மேப்ஸில் இது பழைய வசதி. ஆப்பிள் மேப்ஸில் 2023-இல் வந்தது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்டீரியோ கேட்டால் முதலில் எடுத்து வைப்பது ஒன்பது, பத்து இன்ச் "ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ". அது காரில் மாட்டிய டேப்லட். தனியாக ஆப் ஏற்ற வேண்டும், போனிலிருந்து ஹாட்ஸ்பாட் தர வேண்டும், ரேம் குறைவாக இருந்தால் ஒரு வருடத்தில் நத்தையாகிவிடும். ஆண்ட்ராய்டு ஆட்டோ அதில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, போனைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். சோனி, பயனீர், கென்வுட் போன்ற பிராண்டுகளில் ஸ்கிரீன் சிறிதாக இருக்கலாம், ஆனால் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஒழுங்காக ஓடும், பாட்டின் தரமும் நன்றாக இருக்கும். எதை வாங்கினாலும் ஒயரை வெட்டவிடாமல், காரின் ஒயரோடு அப்படியே செருகிக்கொள்ளும் கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வாரண்டி இருக்கிற காரில் இது முக்கியம்.

செலவு செய்ய மனமில்லையா? ஏசி வென்ட்டில் மாட்டும் ஹோல்டரும் புளூடூத்தும் போதும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 184-இல் மாட்டுவீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அது ஆபத்தான ஓட்டுதல் என்ற கணக்கில் வருகிறது. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து விதியில் இடம் இருக்கிறது. ஹோல்டரைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டாம். பார்வையை மறைக்கும், வெயிலில் கழன்று மடியில் விழும்.

டெஸ்ட் டிரைவில் பார்க்க வேண்டியது

உங்கள் போனையும் உங்கள் கேபிளையும் கொண்டுபோங்கள். கூகுள் மேப்ஸை ஓடவிட்டு, பாட்டும் போட்டு, வண்டி ஓடும்போது ஏசியைக் கூட்டச் சொல்லி விற்பனையாளரிடம் கேளுங்கள். ஏசிக்குத் தனியாகத் திருகும் குமிழ் இருந்தால் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு திருகில் முடிந்துவிடும். ஏசியையும் ஸ்கிரீனுக்குள் வைத்த காரில் மேப்பை விட்டு வெளியே வந்து, ஏசி பக்கத்தைத் தேடி, மாற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். இது கார்பிளேயின் தவறோ ஆண்ட்ராய்டு ஆட்டோவின் தவறோ இல்லை. ஆனால் நீங்கள் தினமும் அனுபவிக்கப்போவது இதைத்தான். ஸ்டீயரிங்கில் குரல் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சிரியோ கூகுளோ வருகிறதா, அல்லது காரின் சொந்தக் குரல் வந்து குறுக்கே நிற்கிறதா என்பதையும் பாருங்கள். நல்ல வெயிலில் ஸ்கிரீன் தெரிகிறதா என்பது ஷோரூமுக்குள் தெரியாது.

டெஸ்ட் டிரைவ் முடிந்ததும் அந்தக் காரிலிருந்து உங்கள் போனை நீக்கிவிட்டு இறங்குங்கள். கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் திரையில் காட்டுவதோடு சரி. ஆனால் புளூடூத்தில் இணைக்கும்போது "தொடர்பு எண்களை எடுத்துக்கொள்ளலாமா" என்று கேட்டதற்குச் சரி சொல்லியிருந்தால், உங்கள் தொடர்பு எண்கள் காரில் தங்கிவிடும். வாடகைக் காருக்கும் இதே கதைதான். சொந்தக் காரை விற்கும்போது ஒருபடி மேலே போய், செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.