லினக்ஸில் அணைத்து வைத்த கிராஃபிக்கல் லாகினைத் திரும்ப எழுப்புவது: பல வருடப் பயன்பாட்டில் கண்டது

என் பழைய லேப்டாப் ஒன்று பல வருடமாக வீட்டு சர்வராக ஓடுகிறது. திரையே தேவைப்படாத வேலை என்பதால் கிராஃபிக்கல் லாகினை (டெஸ்க்டாப்புக்குள் நுழையும் முன் பாஸ்வேர்ட் கேட்கும் திரை) அணைத்து வைத்திருக்கிறேன், டெஸ்க்டாப் பிடித்துக்கொள்ளும் ரேம் மிச்சம். எப்போதாவது திரை வேண்டுமென்றால் எழுப்பிக்கொள்வேன். இப்படியே பழகியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, அணைக்கிற இடம் இரண்டு உண்டு, எதில் அணைந்திருக்கிறது என்று பார்க்காமல் கண்ட கட்டளையை எல்லாம் அடிப்பதால்தான் பலர் கடைசியில் சிஸ்டத்தையே புதிதாக நிறுவும் நிலைக்குப் போகிறார்கள்.

முதல் இடம், பூட்டின்போது சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியின் டீஃபால்ட் டார்கெட், அதாவது மெஷின் பூட் ஆகி எந்த நிலையில் வந்து நிற்க வேண்டும் என்ற அமைப்பு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலில் லாகின் செய்து 'சிஸ்டம்சிடிஎல் கெட்-டீஃபால்ட்' கொடுங்கள். மல்டி-யூசர் டார்கெட் என்று வந்தால் (டெக்ஸ்ட் மட்டும் வரும் நிலை, பழைய ஆட்களுக்கு ரன்லெவல் 3) விஷயம் சுலபம். சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) 'செட்-டீஃபால்ட்' கொடுத்து கிராஃபிக்கல் டார்கெட்டுக்கு மாற்றினால் போதும். அந்தக் கட்டளை ஒரு சிம்லிங்கை (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) மட்டும்தான் மாற்றுகிறது, அதனால் திரை உடனே வராது, அடுத்த பூட்டில்தான் வரும். இப்போதே வேண்டுமென்றால் 'ஐசோலேட்' கொடுத்து கிராஃபிக்கல் டார்கெட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

இரண்டாவது இடம் லாகின் திரையைக் காட்டும் நிரலான டிஸ்ப்ளே மேனேஜர், அதாவது ஜிடிஎம், லைட்டிடிஎம், எஸ்டிடிஎம் இவற்றில் உங்களிடம் இருப்பது. டார்கெட் சரியாக இருந்தும் திரை வரவில்லை என்றால் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் டிஸ்ப்ளே-மேனேஜர்' அடித்து, என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். அப்படி ஒரு யூனிட்டே (சிஸ்டம்டி நடத்தும் சேவை) இல்லை என்றால் பெரும்பாலும் லிங்க் போயிருக்கும், உங்களிடம் உள்ள டிஸ்ப்ளே மேனேஜரின் பெயர் சொல்லி 'எனேபிள்' செய்தால் திரும்ப வந்துவிடும். டெபியன், உபுன்டுவில் ஜிடிஎம்3 இருந்தால் எனேபிள் எடுபடாமல் போகலாம், அங்கே 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஜிடிஎம்3' தான் வழி. மாஸ்க்ட் (தொடங்கவே முடியாதபடி தடுக்கப்பட்டது) என்று காட்டினால் முதலில் 'அன்மாஸ்க்', அப்புறம்தான் மற்றதெல்லாம். மாஸ்க் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், அந்த யூனிட் நேராக டெவ்-நல் என்ற வெற்றுக் கோப்புக்குப் போய்விடும், பிறகு வருபவர் காரணம் புரியாமல் திண்டாடுவார்.

செட்-டீஃபால்ட் சரியாக இருந்தும் ஒவ்வொரு பூட்டிலும் கறுப்புத் திரையே வந்தால் க்ரப் (பூட் லோடர்) கோப்பில், கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள் உள்ள வரியைப் பாருங்கள். அங்கே 3 என்ற எண்ணோ 'சிஸ்டம்டி.யூனிட்' என்ற அமைப்போ இருந்தால் டீஃபால்ட்டை அது மீறிவிடும்.

பாஸ்வேர்ட் போட்டதும் மறுபடி லாகின் திரைக்கே திரும்புவது வேறு நோய், அங்கே இந்தக் கட்டளைகள் உதவாது. வட்டு நிறைந்திருக்கிறதா என்று 'டிஎஃப் -எச்' கொடுத்துப் பாருங்கள், டெஸ்க்டாப் எக்ஸ்11 என்ற திரை அமைப்பில் ஓடுகிறது என்றால் ஹோமில் உள்ள எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு ரூட் (நிர்வாகி) பெயரில் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு என் வழக்கம் இதுதான்: டீஃபால்ட்டை மல்டி-யூசரிலேயே விட்டுவிட்டு, திரை தேவைப்படும்போது டிஸ்ப்ளே மேனேஜரை மட்டும் 'ஸ்டார்ட்' செய்கிறேன், வேலை முடிந்ததும் திறந்திருப்பதைச் சேமித்துவிட்டு 'ஸ்டாப்'. எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து லாகின்), ஃபைல் பகிர்வு எதுவும் நடுவில் அறுபடுவதில்லை, மெஷின் எப்போது ரீபூட் ஆனாலும் டெக்ஸ்ட் கன்சோலில்தான் வந்து நிற்கிறது.