தோளா, மடியா, பெருங்காயமா? பால்குடிப் பிள்ளையின் வயிற்றுக் காற்று

மலேசியாவில் இருக்கும் எங்கள் ஊர் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா ஆகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தோட்டத்துப் பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பிள்ளை வயிற்றுக் காற்றுக்கும் இதே கதி. கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) அதைக் 'கோலிக்' என்றார். என் அம்மா 'மாந்தம்' என்றார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா 'கெம்பூங்' என்று சொல்லிவிட்டு எண்ணெய்ப் புட்டியோடு வந்தார். பெயருக்கு ஒரு வைத்தியம் என்று எல்லாமே எங்கள் வீட்டில் நடந்தது.

நான் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். 2023-இல் வேலைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பிள்ளை பிறந்தால் அப்பாமாருக்கு 7 நாள் விடுப்பு உண்டு. அந்த ஏழு நாளில் நான் கற்ற ஒரே தொழில் ஏப்பம் எடுப்பது. பால் கொடுப்பது மனைவி பொறுப்பு, அப்புறம் தோளில் போடுவது என் பொறுப்பு.

முதலில் தோளும் மடியும். பிள்ளையின் வயிறு நம் தோள் எலும்பில் லேசாக அழுந்தும்படி போட்டால் காற்று சீக்கிரம் மேலே வரும். ஆனால் முகம் நமக்குப் பின்னால் இருப்பதால் மூக்கு அமுங்குகிறதா, பால் கக்குகிறானா என்பது சட்டை நனைந்த பிறகுதான் தெரியும். மடியில் உட்காரவைத்து, கையைக் கவையாக்கித் தாடையைத் தாங்கி (தொண்டையை அல்ல), கொஞ்சம் முன்னால் சாய்த்தால் முகம் கண்முன்னே இருக்கும். கழுத்து நிற்காத பிள்ளைக்கு, அதுவும் இரவு இரண்டு மணிக்கு அரைத்தூக்கத்தில் இருக்கும் அப்பனுக்கு, நான் மடியைத்தான் சொல்வேன். தொடைமேல் குப்புறப் போடுவது மூன்றாவது வழி. வயிறு நிறைந்த உடனே அப்படிப் போட்டால் பால் அப்படியே திரும்பி வரும். எங்கள் சோபா அதற்குச் சாட்சி.

தட்டுவதா தடவுவதா? அம்மா தட்டுவது பக்கத்து லயம் (தோட்டத்து வீட்டு வரிசை) வரை கேட்கும். உள்ளங்கையைக் குவித்து மெதுவாகத் தட்டினாலும், இடுப்பிலிருந்து மேலாகத் தடவினாலும் பலன் ஒன்றுதான்.

ஏப்பமே வேண்டுமா என்பதுதான் பெரிய கேள்வி. சண்டிகரில் 71 தாய்-சேய் ஜோடிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஏப்பம் எடுக்கச் சொல்லிக்கொடுத்து மூன்று மாதம் கவனித்தார்கள். ஏப்பம் எடுத்த பிள்ளைகளின் அழுகை குறையவில்லை, பால் கக்குவதுதான் கூடியது. சிறிய ஆய்வு, அதை வைத்து ஊரையே மாற்ற முடியாது. இருந்தாலும் நான் கொஞ்சம் மாறினேன். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை, புட்டியில் குடிப்பதைவிடப் பொதுவாகக் குறைவாகவே காற்றை விழுங்கும். மார் மாற்றும்போது ஒருமுறை, முடித்ததும் ஒருமுறை, ஐந்து நிமிடம் பார்ப்பேன். வரவில்லையா, சரி, கிடத்திவிடுவேன். குடித்தபடியே தூங்கிப்போன பிள்ளையை எழுப்பி ஏப்பம் கேட்பதில்லை. அம்மாவுக்கு இது இன்னும் ஆறவில்லை.

உள்ளே போன காற்றை எடுக்க இவ்வளவு பாடுபடும் நாம், போகும் வழியைப் பார்ப்பதில்லை. என் கணக்கில் எல்லா வைத்தியத்தையும் தோற்கடித்தது மிஸ்ஸி எங்கள் வீட்டுக்கு வந்தபோது பத்து நிமிடம் உட்கார்ந்து திருத்திய வாய்ப்பிடிதான். பிள்ளை வாயை அகலத் திறந்து, காம்பை மட்டும் கவ்வாமல் சுற்றியுள்ள கருவட்டத்தையும் நிறையச் சேர்த்துக் கவ்வ வேண்டும். குடிக்கும்போது 'சொடக் சொடக்' என்று நாக்குச் சத்தம் கேட்டால் பிடி நழுவுகிறது, காற்று போகிறது என்று பொருள். பால் பீறிட்டு வந்து பிள்ளை திணறினால், அம்மா பின்னால் நன்றாகச் சாய்ந்துகொண்டு பிள்ளையைத் தன்மேல் கிடத்திக் கொடுக்கலாம், வேகம் தணியும். பால் மிக அதிகமாகச் சுரக்கும் தாய் இந்த மார் கொஞ்சம் அந்த மார் கொஞ்சம் என்று மாற்றினால், பிள்ளைக்கு, முதலில் வரும் கொழுப்பு குறைந்த முன்பாலே அதிகம் சேர்ந்து, பச்சையாக நுரைத்த மலமும் வாயுவும் வரலாம். ஒரு பக்கம் தானாக விட்ட பிறகு மறுபக்கம் போதும். இன்னொன்று, அழுதால் பிள்ளை காற்றை விழுங்கும். காற்றால் அழுகிறது என்று நாம் நினைப்பதில் பாதி, அழுததால் சேர்ந்த காற்று. பசித்துக் கத்தும்வரை காத்திருக்காமல், வாயைச் சப்பத் தொடங்கியதுமே கொடுத்துவிடுவது நல்லது.

தாயின் சாப்பாடு? என் மாமியார் பருப்பு, முட்டைக்கோஸ், பலா எல்லாவற்றுக்கும் தடை போட்டார். தாய் வயிற்று வாயு தாய் வயிற்றோடு சரி, பாலில் கலந்து போகாது. சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமல் போவது மாட்டுப்பால் புரதம். வேடிக்கை என்னவென்றால், பருப்பை நிறுத்திய வீட்டில் மாட்டுப்பால் சேர்ந்த மைலோவும் டின்பால் தேநீரும் தடையில்லாமல் ஓடின. அதற்காக எல்லாத் தாய்மாரும் பாலை விடத் தேவையில்லை. பிள்ளையின் மலத்தில் சளியோ ரத்தமோ இருந்தால் டாக்டரிடம் கேட்டுச் செய்ய வேண்டியது அது.

வாய்வழிப் போட்டியாளர்களைச் சீக்கிரம் முடிக்கிறேன். உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தில் பிறந்த சரக்கு. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, அந்தக் காலத்தில் சர்க்கரையும் சாராயமும்கூட. பிள்ளை ஏன் அமைதியானது என்று கேட்கவே வேண்டாம். சாராயம் போய்விட்டது, பலனுக்கான சான்றும் பெரிதாக இல்லை. சிமெதிகோன் சொட்டு மருந்து ரத்தத்தில் கலக்காது, பெரிய கெடுதலும் இல்லை, ஆனால் சோதித்தபோது மருந்தில்லாத சொட்டைவிட மேலாக நிற்கவில்லை. லாக்டோபேசிலஸ் ரியூட்டரி என்ற நல்ல கிருமிச் சொட்டு மட்டும், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளின் அழுகையை ஓரளவு குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. வாங்குவதானால் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். ஓமத்தண்ணீருக்கு இடமில்லை, ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் சொல். வசம்பை உரசி நாக்கில் தடவுவதில் அம்மாவுக்கும் எனக்கும் நிஜமாகவே சண்டை வந்தது. அதிலுள்ள அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. வசம்பைக் கையில் வளையலாகக் கட்டிக்கொள்ளட்டும் என்று சமாதானமானோம், அதுவும் பிள்ளை வாயில் வைக்காதபடி.

வெளிப்பூச்சில் நான் இளகியவன். பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் போடுவது தொப்புள் ஆறிய பிறகென்றால் பெரிய குற்றமில்லை, தோல் சிவந்தால் நிறுத்த வேண்டும். காற்றைத் தணிப்பது பெருங்காயமா அல்லது பாட்டியின் கைச்சூடா? நான் கைக்குத்தான் ஓட்டு போடுவேன். பக்கத்து வீட்டு அக்காவின் தெலோன் எண்ணெயில் காயு பூத்தே மர எண்ணெய், பெருஞ்சீரக எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் சேரும். சீன மருந்துக்கடையில் விற்கும் வயிற்று எண்ணெய்களில் மட்டும் கற்பூரமும் மெந்தாலும் இருக்கிறதா என்று லேபிளைப் பார்க்க வேண்டும். கற்பூரம் உடம்பில் ஏறினால் சிறு பிள்ளைக்கு வலிப்பே வரலாம். நம் நாட்டில் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) சோதனை செய்கிறார்கள். குறை இருப்பதாகச் சொன்ன பிள்ளைக்கு இந்த எண்ணெய்களையும் அந்துருண்டையையும் கிட்டவே விடக்கூடாது என்றார் மிஸ்ஸி. வெற்றிலையை வாட்டிப் போடுபவர்கள் முதலில் தங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்க்கட்டும்.

வெறும் தேங்காய் எண்ணெய் தொட்டு, நம் பார்வையில் கடிகார முள் சுற்றும் திசையில் வயிற்றைத் தடவுவதும், சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை மடக்கி நீட்டுவதும் செலவில்லாதவை. பால் குடித்து அரைமணி கழித்துச் செய்தேன், காற்று சத்தமாகவே பிரிந்தது. மாலை ஆறு மணி அழுகைக்கு, முன்கையில் குப்புறக் கிடத்தி வாசலில் நடப்பதுதான் என் ஆயுதம். ஸ்பிரிங் ஏணை அதைவிடச் சீக்கிரம் தூங்க வைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேகமாகக் குலுக்கக் கூடாது. தூங்கியதும் சமமான இடத்தில் மல்லாக்கக் கிடத்த வேண்டும்.

பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், கல்லாக இறுகிய வயிறு, எடை ஏறாமை, மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த ஒப்பீட்டை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மற்றபடி இந்த அழுகை ஆறு வாரத்தில் உச்சிக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானே அடங்கும். எங்கள் மகனுக்கும் நான்காம் மாதம் ஒரு வாரத்தில் அடங்கியது. அந்த வாரம்தான் அம்மா புதுப் பெருங்காயம் வாங்கியிருந்தார், அக்கா இன்னொரு புட்டி தெலோன் தந்திருந்தார், மாமியார் பலாப்பழத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். மூவரும் ஆளுக்கொரு பக்கம் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.