பெட்டியா, வகுப்பா, காட்சியகமா, அடுக்களையா? சென்னைப் பிள்ளைகளுக்கான அறிவியல், கலைச் செயல்பாடுகள்: ஓர் ஒப்பீடு

8 வயதிலிருந்து 13 வயதுவரை உள்ள ஒரு பிள்ளை, கையில் கிடைத்த பேனாவைக் கழற்றிப் பார்ப்பதும் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பதுமாக வளர்ந்தால், அந்த ஆர்வத்துக்குத் தீனி போட நினைக்கும் சென்னைப் பெற்றோர் முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கும் சயின்ஸ் கிட் ஒன்று; வார இறுதி வகுப்பும் கோடை முகாமும் இன்னொன்று; எழும்பூர் அருங்காட்சியகம், கோட்டூர்புரம் கோளரங்கம், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா போன்ற இடங்களுக்கு அழைத்துச் செல்வது மூன்றாவது; அடுக்களையிலும் மொட்டைமாடியிலும் இருப்பதை வைத்தே செய்து பார்ப்பது நான்காவது. விலையையும் தூரத்தையும் வைத்தே பெரும்பாலோர் இவற்றை எடைபோடுகிறார்கள். அவை புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆனால், ஒரு செயலை முதல் முறை செய்யும் பிள்ளை சொன்னதைச் செய்கிறது. இரண்டாம் முறை, ஏதேனும் ஒன்றை மட்டும் மாற்றிச் செய்யும்போதுதான் அது சொந்தமாக யோசிக்கத் தொடங்குகிறது. அந்த இரண்டாம் முறைக்கு எந்த வழி இடம் கொடுக்கிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

முதலில் கிட்டை எடுத்துக்கொள்வோம். அதன் நன்மை வெளிப்படையானது: எல்லாப் பொருளும் ஒரே இடத்தில் அளவாக இருக்கின்றன, படம் போட்ட வழிமுறை இருக்கிறது, வேலைக்குப் போய்வரும் பெற்றோர் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. குறையும் அங்கேயே இருக்கிறது. தூள் ஒரு பொட்டலம்தான் என்பதால் அது தீர்ந்தால் சோதனையும் தீர்ந்தது. தவறிப் போனால் மறுபடி செய்ய வழியில்லை என்று தெரிந்ததால் பிள்ளை துணிந்து எதையும் மாற்றிப் பார்ப்பதில்லை. படிகம் வளர்க்கும் பெட்டியை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அதே சோதனையை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தைக் கொண்டு வீட்டில் செய்துவிடலாம். நூறு கிராம் வாங்கினாலே பல முறைக்குப் போதும். வெந்நீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்குப் படிகாரத்தைக் கரைத்து, தெளிந்த நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, சிறு படிகாரத் துணுக்கு ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டால், ஆற ஆற அதன்மேல் பட்டை தீட்டியது போன்ற முகங்களுடன் படிகம் ஏறும். அடுத்து அதையே சமையல் உப்பில் செய்யச் சொல்ல வேண்டும். உப்பு ஏமாற்றிவிடும், அந்த ஏமாற்றம்தான் பாடம். படிகாரம் வெந்நீரில் பல மடங்கு கூடுதலாகக் கரையும், ஆறும்போது மிகுதியெல்லாம் படிகமாக வெளியேறியாக வேண்டும். உப்போ 100 மில்லி நீரில் அறை வெப்பத்தில் சுமார் 36 கிராமும் கொதிநிலையில் சுமார் 39 கிராமும் மட்டுமே கரைவதால், ஆறவைத்துப் பயனில்லை, நீர் ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும். கடற்காற்றின் ஈரப்பதம் மிகுந்த சென்னையில் அந்தக் காத்திருப்பு நீளும் என்பதையும் பிள்ளை அப்போது கண்டுகொள்ளும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை கிட்டுக்குப் போட்டியாக நிற்பது அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. எல்.இ.டி., சிறு மோட்டார், பேட்டரி ஹோல்டர், முதலைவாய்க் கிளிப் ஆகியவை அங்கே சில்லறையாகக் கிடைக்கின்றன. ஒன்று கருகினால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பதால் பயமின்றி இணைத்துப் பார்க்க முடிகிறது. ஓர் எலுமிச்சைப் பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணியையும் செம்புக் கம்பியையும் குத்தினால் ஏறத்தாழ 0.9 வோல்ட் கிடைக்கும். சிவப்பு எல்.இ.டி. எரியச் சுமார் 1.8 வோல்ட் வேண்டும். கணக்குப்படி இரண்டு பழம் போதும் என்று பிள்ளை கூட்டிச் சொல்லும். இரண்டில் பெரும்பாலும் எரியாது, நான்கைத் தொடராக இணைத்தால்தான் மங்கலாக எரியும். மின்னழுத்தம் இருந்தும் மின்னோட்டம் போதவில்லை என்ற செய்தியை அந்த மங்கலான வெளிச்சம் சொல்வது போல எந்தக் கிட்டின் வழிமுறைத் தாளும் சொல்வதில்லை. ஆயினும் மைக்ரோ கண்ட்ரோலர் (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிச் சில்லு) போன்றவற்றில் இறங்க விரும்பும் 12, 13 வயதுப் பிள்ளைக்கு, தொடக்கத்தில் பொருத்தமான பாகங்களைத் தேர்ந்து தரும் ஒரு நல்ல கிட் உண்மையிலேயே உதவும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அறிவியலும் கலையும் தனித்தனி வகுப்பறைகள் அல்ல என்பதை அடுக்களை காட்டுவது போல வேறெதுவும் காட்டுவதில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சள்நீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவப்பதைப் பார்க்காத பிள்ளை நம்மிடம் அரிது. அந்தக் காட்சியையே ஓர் அச்சுக்கலையாக்கலாம். இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளை மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி, தெளியவிட்டு, வடிகட்டி, தடித்த வரைதாளில் தூரிகையால் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். மஞ்சளின் நிறமி நீரில் சரியாகக் கரையாது என்பதால்தான் ஸ்பிரிட். அது எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்புக்கு அருகே இந்த வேலை கூடாது, பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். உலர்ந்த தாளின்மேல் ஒரு முருங்கை ஈர்க்கையோ பப்பாளி இலையையோ வைத்து, கண்ணாடித் துண்டால் அழுத்தி, மொட்டைமாடி வெயிலில் ஓரிரு மணி நேரம் விட்டால், வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்து, இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும். அதன்மேல் ஆப்பசோடாக் கரைசலைத் தடவினால் இலையின் உருவம் செம்பழுப்பாக எழும்பும். தாவரச் சாற்றைக் கொண்டு இவ்வாறு படம் பதிக்கும் முறையை 1842இல் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அறிவியலாளர் விவரித்து எழுதினார். ஒளிப்படக் கலை தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது.

இனித்தான் பிள்ளையின் வேலை தொடங்குகிறது. ஒரு தாளை நான்கு பட்டைகளாக மறைத்து, ஒவ்வொரு பட்டையையும் வெவ்வேறு நேரம் வெயிலில் காட்டினால் எவ்வளவு நேரம் போதும் என்பது தெரியும். ஆப்பசோடாவுக்குப் பதில் சலவைச் சோடா தடவினால் சிவப்பு ஏறுகிறதா, எலுமிச்சைச் சாறு பட்டால் திரும்பவும் மஞ்சளாகிறதா, சங்குப்பூவின் நீலச் சாற்றைப் பூசிய தாள் இதே வெயிலுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்று கேள்விகள் வரிசையாக வரும். சங்குப்பூச் சாறு எலுமிச்சை பட்டால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும், சோப்புநீர் பட்டால் பச்சைக்குப் போகும். செம்பருத்தி இதழ்ச் சாறும் காரத்தில் பச்சையாகும். கிட்டில் வரும் லிட்மஸ் தாளுக்குச் சிவப்பு, நீலம் என்ற இரண்டு விடைதான் தெரியும், அதுவும் தாள் தீரும்வரைதான்.

கோலத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். வார இறுதி ஓவிய வகுப்புகளில் பல, ஆசிரியர் வரைந்த படத்தைப் பார்த்து வரையச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. பிள்ளையின் கை தேறுகிறது, கேள்வி பிறப்பதில்லை. சிக்குக் கோலம் இதற்கு நேர்மாறானது. செவ்வகமாகப் புள்ளி வைத்து, புள்ளிகளுக்கு நடுவே கோடு சாய்வாக ஓடி, ஓரத்தில் வளைந்து திரும்பி, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிவர வேண்டும் என்று மட்டும் விதி வைத்துக்கொள்வோம். 3 புள்ளி, 4 வரிசை என்றால் கையெடுக்காமல் ஒரே இழையில் முடியும். 3க்கு 3 என்றால் மூன்று தனி இழைகள் வரும். 4க்கு 6 என்றால் இரண்டு. எத்தனை இழை வரும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. ஆறாம் வகுப்பில் எதற்கென்று தெரியாமல் மீ.பெ.கா. கண்டுபிடித்துக்கொண்டிருந்த பிள்ளை, அதைத் தன் வாசலில் கண்டால் அடையும் வியப்பு சிறியதல்ல; விதியை முன்கூட்டியே சொல்லிவிடாமல், ஏழெட்டுக் கோலங்களைப் போட்டுப் பட்டியல் எழுதச் சொல்லிக் காத்திருப்பது பெரியவரின் கடமை. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1970களில் கோலத்தை வைத்துக் கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

அடுக்களை எல்லாவற்றிலும் வென்றுவிடுகிறது என்று இதைக் கொண்டு முடிவுகட்டக் கூடாது. களிமண் விஷயத்தில் வீடு தோற்றுப்போகிறது. பானை வனையும் சக்கரமான திரிகையின் நடுவில் மண் ஆடாமல் நிற்க வேண்டும். அதை யாராலும் வாயால் சொல்லித்தர முடியாது, குயவர் பிள்ளையின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தத்தை உணர்த்தினால்தான் உண்டு. ஆகவே இங்கே ஆசிரியர் இருக்கும் இடமே சிறந்தது. 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டின் முற்றத்தைக் கடந்து வந்து திரிகையில் உட்காரும் பிள்ளைக்கு, பானை என்பது ஒரு வீட்டின் பொருள் என்பதும் சேர்ந்தே புரிகிறது. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நகருக்குள் சூளை வைத்திருக்கும் மண்பாண்ட வகுப்புகளும் உண்டு. தொடர்ந்து சில வாரம் போக முடிந்தால் அவை ஒரு நாள் பயணத்தைவிட மேல், ஏனெனில் முதல் கிண்ணம் கோணலாக வந்த காரணத்தை அடுத்த வாரக் கிண்ணத்தில் சரிசெய்யலாம். வீட்டுக்கு வந்தபின் செய்ய ஒன்று மிச்சமிருக்கிறது: காய்ந்த பச்சை மண் துண்டையும் உடைந்த அகல் விளக்கின் துண்டையும் நீரில் போட்டுவைத்தால், முன்னது கரைந்து சேறாகும், பின்னது அப்படியே இருக்கும். சூளையின் வெப்பத்தில் மண்ணோடு வேதிப்பிணைப்பில் இருந்த நீரே வெளியேறிவிடுவதால் அது திரும்பவும் களிமண் ஆக முடியாது.

காட்சியகங்களுக்கு வருவோம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அதன் படிமக்கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நின்று, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்து எடுத்தார்கள் என்று சொன்னால், அச்சு உடைந்துபோவதால் ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். ஆனால் அங்கே கைக்கு வேலை இல்லை. முன்பே மெழுகில் ஏதேனும் செதுக்கிப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கூடம் பேசும், வெறுங்கையோடு போகும் பிள்ளை கால் மணியில் வெளியே வந்துவிடும். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை.

கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மைய வளாகத்தில் உள்ள பிர்லா கோளரங்கம் 1988இல் திறக்கப்பட்டது. நகரத்தின் வெளிச்சத்தில் நட்சத்திரங்களைப் பார்க்க வாய்ப்பில்லாத பிள்ளைக்கு அந்தக் குவிமாடத்தின் இருட்டு ஒரு வரம். இதற்கு வீட்டில் மாற்று கிடையாது. பகல் வானத்துக்கோ மொட்டைமாடியே போதும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்குமேல் வரும். ஏப்ரலில் ஏறத்தாழ 12.07க்கும் ஆகஸ்டில் 12.13க்கும் செங்குத்தாக நிறுத்திய குழாயின் நிழல் பக்கவாட்டில் விழாது. அதைவிடவும் எனக்குப் பிடித்தது மார்ச் 21இன் அளவீடு. அன்று நண்பகலில் ஒரு மீட்டர் கோலின் மிகக் குறைந்த நிழலை அளந்தால் சுமார் 23 சென்டிமீட்டர் வரும். அந்த இரண்டு நீளங்களைத் தாளில் சிறிதாக வரைந்து கோணமானியால் அளந்தால் 13 பாகை, அதாவது சென்னையின் அட்சரேகை, பிள்ளையின் கையிலேயே கிடைத்துவிடும். மேகம் மறைத்தால் மறுநாள் அளக்கலாம், விடை அரைப் பாகைக்குமேல் மாறாது.

கோடை முகாம்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பத்து நாளில் பத்துப் பொருள் செய்து வீட்டுக்கு அனுப்பும் முகாமைவிட, ஒரே பொருளை நான்கு விதமாகச் செய்யவிடும் முகாம் சிறந்தது; சேர்க்கும் முன் இதை நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு மேசைக்கு எத்தனை பிள்ளைகள், கத்தரிக்கோலும் சூடான பசைத் துப்பாக்கியும் பிள்ளை கையில் இருக்குமா பயிற்றுநர் கையில் இருக்குமா என்பதும் கேட்க வேண்டியவையே. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8ஆம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்கு, 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் என்னும் தமிழக அரசுத் திட்டத்தின் வழியாகச் சோதனைகள் வகுப்பறைக்கே வருகின்றன. பணம் கட்டி வகுப்புக்கு அனுப்ப இயலாத பெற்றோர், அன்று பள்ளியில் என்ன செய்தார்கள் என்று கேட்டு அதையே வீட்டில் மறுபடி செய்ய இடம் கொடுத்தால், கட்டண முகாமுக்கு எந்த வகையிலும் குறையாத பயன் கிடைக்கும். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தந்த, 2018இல் பத்மஸ்ரீ பெற்ற அரவிந்த் குப்தாவின் வழிமுறைகள் இணையத்தில் இலவசமாக இருப்பதும் அவர்களுக்குப் பெரிய துணை.

வரிசைப்படுத்தச் சொன்னால், 10 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு அடுக்களையும் மொட்டைமாடியும் முதலிடம், மாதம் ஒரு காட்சியகம் இரண்டாமிடம், கிட்டும் முகாமும் அதற்குப் பிறகு. 10 வயதைத் தாண்டி ஏதேனும் ஒன்றில் ஊன்றி நிற்கும் பிள்ளைக்கு, மண்ணோ நெசவோ மின்னணுவோ, ஆசிரியர் உள்ள தொடர் வகுப்பை முதலிடத்துக்குக் கொண்டுவருவேன். பருவத்தையும் பார்க்க வேண்டும்: மஞ்சள் அச்சும் நிழல் அளவீடும் மார்ச் முதல் செப்டம்பர்வரை நன்றாக நடக்கும், அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையில் தாளும் மண்ணும் உலராமல் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அந்த மூன்று மாதங்களுக்கு எலுமிச்சை மின்கலம், படிகாரம், தரையில் சாக்பீஸால் போடும் சிக்குக் கோலம் ஆகியவற்றை ஒதுக்கிவைப்பது பொருத்தம்.