6,480 ரூபாய்க்கு ஒரு மூட்டை தேங்காய் நார்த்தூள்: ஸ்லிப்பர் ஆர்க்கிட் மண் கலவை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இதை எழுதும்போது விரல் நகத்துக்குள் அந்த அழுகல் நாற்றம் இன்னும் இருக்கிறது. சோப்பு போட்டாயிற்று, புளி வைத்துத் தேய்த்தாயிற்று, போகவில்லை. இன்று காலை தொட்டியைக் கவிழ்த்தேன். வேர் என்று ஒன்றுமே இல்லை, பழுப்பு நிறத்தில் ஒரு கூழ். அதனால் கொஞ்சம் காட்டமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெயில் ஊரில் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுக்கு என்ன கலவை போடலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் என் 6,480 ரூபாய் போன கதை.

நான் திருச்சி. பதினொரு வருடமாக மாடித்தோட்டம். ஆர்க்கிட் பக்கம் வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால்தான். காலிம்பொங் போய்வந்த என் நாத்தனார் அங்கே ஒரு நர்சரியிலிருந்து கலப்பின ஸ்லிப்பர் ஆர்க்கிட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். இலையில் பாம்புத் தோல் மாதிரி புள்ளி, கருஞ்சிவப்புப் பூ. பூவின் ஓர் இதழ் மட்டும் செருப்பின் முன்பக்கம் போலப் பையாக உப்பியிருக்கும். பூச்சி அந்தப் பைக்குள் விழுந்தால் விழுந்த வழியே ஏற முடியாது. பின்பக்கம் இருக்கிற சின்னச் சந்து வழியாகத்தான் வெளியேற வேண்டும், அந்த நெருக்கத்தில் மகரந்தம் முதுகில் அப்பிக்கொள்ளும். (நான் விழுந்ததும் இதே மாதிரிதான். எனக்குப் பின்பக்கச் சந்துகூட இல்லை.)

அந்தச் செடி மரப்பட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைத்த ஓட்டுச் சில்லு மூன்றிலும் வேர்விட்டு, கிழக்குப் பக்கம் காலை வெயில் மட்டும் வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. இந்த ஜனவரியில் இரண்டு பூ. அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

பிப்ரவரி கடைசியில் செடி விற்கிற ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் அந்த வீடியோ வந்தது. பெயர் சொல்லப் போவதில்லை. இந்த மாதிரிப் பக்கங்கள் நூறு இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரே பாட்டு ஓடும். மஞ்சள் செருப்புப் பூ, உள்ளங்கை அகலம். "ஹார்டி ஸ்லிப்பர் ஆர்க்கிட், நம்ம ஊர் வெயிலுக்கு" என்று தலைப்பு. விவரம் கேட்டதற்கு விற்கிறவரே போன் செய்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயசுக் குரல், நல்ல மரியாதை.

"ஹார்டின்னா என்ன தம்பி?"

"எதையும் தாங்கும்னு அர்த்தம்கா. அமெரிக்காவுல டெக்சாஸ்ல எல்லாம் வளருது. அங்க அடிக்காத வெயிலா?"

அப்புறம் என் செடியைப் பற்றி அவரே விசாரித்தார். இலை எத்தனை, பூ எத்தனை நாள் நின்றது, எந்தத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று அரைமணி நேரம். சொல்லப்போனால், என் வீட்டில் யாரும் என் செடியைப் பற்றி அரை நிமிடம் கேட்டதில்லை. அங்கேதான் விழுந்தேன். "மரப்பட்டையெல்லாம் பழைய முறைக்கா. நம்ம வெயிலுக்கு அது காஞ்சிடும். நாங்க பதிமூணு பொருள் சேர்த்து ஒரு மிக்ஸ் பண்றோம், உங்க பழைய செடியையும் அதுக்கே மாத்திடுங்க, அடுத்த வருசம் அஞ்சு பூ" என்றார். சரி என்றேன்.

கிழங்கு இரண்டு, 4,200. கலவை ஐந்து கிலோ, 1,650. வேர் ஊக்கி என்று ஒரு பாக்கெட், 350. கூரியர் 280. மொத்தம் 6,480 ரூபாய், முழுக்க முன்பணம், போனிலேயே அனுப்பினேன். வீட்டுக்காரரிடம் இரண்டாயிரம் என்று சொல்லியிருந்தேன். அந்தக் கணக்கு இப்போது தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பார்சலைப் பிரித்தபோதே கை சொல்லிவிட்டது, மனசுதான் கேட்கவில்லை. கலவை முழுக்கச் செம்பழுப்பு, பிடித்தால் பிடித்தபடி உருண்டையாக நின்றது. ஆர்க்கிட் கலவை உருண்டை பிடிக்கவே கூடாது, அது எனக்குத் தெரியும். வேர் ஊக்கி பாக்கெட்டில் பச்சைச் சாயம் பூசின குருணை. தண்ணீரில் போட்டதும் சாயம் போய்ச் சாம்பல் கறுப்பில் அசல் முகம் தெரிந்தது. டெல்டாவில் பிறந்தவளுக்கு டிஏபி உரம் தெரியாதா? மூட்டை மூட்டையாகப் பார்த்து வளர்ந்தவள். இருந்தும் "ஏதோ வெளிநாட்டுச் சரக்கு போல" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லி, அவர் சொன்னபடி தொட்டிக்கு ஒரு ஸ்பூன் போட்டேன். மூன்று வருடச் செடியையும் பட்டையிலிருந்து பிடுங்கி அதில் நட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் கை நடுங்குகிறது.

ஏப்ரல் பாதியில் இலை நுனி கருக ஆரம்பித்தது. மே 4 கத்திரி தொடங்கிய அன்று அடியிலை ஒன்று தொட்டதும் கையோடு வந்துவிட்டது. புதுக் கிழங்குகள் இரண்டும் மண்ணைவிட்டுத் தலையே தூக்கவில்லை. போன் செய்தேன். பதில்கள் வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் நாள்: "தண்ணி அதிகமா ஊத்திட்டீங்கக்கா." மூன்றாம் நாள்: "தண்ணி பத்தலைக்கா." அடுத்த வாரம், பார்சல் பிரித்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு முந்தின பார்சலுக்கு! அப்புறம் வேறு ஒரு குரல்: "உயிருள்ள செடிக்கு உத்தரவாதம் கிடையாது மேடம், பக்கத்துலயே போட்டிருக்கோம்." செடிக்கு வேண்டாம், மண்ணுக்குச் சொல்லுங்கள், மண்ணுக்கு உயிர் இல்லையே என்றேன். "ஓனர் வெளியூர்." ஓனர் பத்து நாளாக வெளியூர். பதினோராம் நாள் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். அக்கா, மேடம் ஆகி, மேடமும் இல்லாமல் போனாள். பணம் அனுப்பின செயலியில் புகார் கொடுத்தால் "உங்கள் பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்தது" என்று வாழ்த்து வருகிறது. 6,480 ரூபாய் வெற்றிகரமாகத்தான் போயிருக்கிறது, அதில் தப்பில்லை.

எதிர்த் தெருவில் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். நேற்று அவரிடம் மிச்சக் கலவையை ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். ஒரு வாளித் தண்ணீரில் கொட்டினார். முக்கால்வாசி தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் மலைமலையாகக் குவிந்து கிடக்கும், ஐந்து கிலோ கட்டி நர்சரியில் இருநூறு, இருநூற்றைம்பது. அடியில் கொஞ்சம் செம்மண், மண்புழு உரம். மேலே வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் மிதந்தது. அவர் அதில் நாலு உருண்டையை எடுத்து நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் போட்டார். கரைந்து பசையாகிவிட்டது. பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கிப் பொரித்த பொரி, அது கரையாது, நசுக்கினால் பொடியாகும். இது தெர்மோகோல். டிவி பெட்டிக்குள் வருகிறதே, அதேதான். பதிமூன்று பொருளில் ஒன்று தெர்மோகோல்.

அப்புறம் ஆர்.ஓ. காரர்கள் வைத்திருக்கிற, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் பேனாவை எடுத்தார். எங்கள் வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் 60 காட்டியது. அதையே கலவையில் ஊற்றி, வடிந்த தண்ணீரில் வைத்தால் 2,140. தேங்காய் நாரில் இயல்பாகவே உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, திரும்பத் திரும்பக் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் போட்டு எடுத்தால்தான் ஆர்க்கிட்டுக்கு ஆகும். இவர்கள் கழுவவே இல்லை. மேலே டிஏபி உப்பு வேறு. ஆர்க்கிட் வேருக்கு வெளியே பஞ்சு மாதிரி ஓர் உறை உண்டு, தண்ணீரை உறிஞ்சுவது அதுதான். தண்ணீரை உறிஞ்ச வேண்டிய வேர், உப்புக்கு நடுவில் தண்ணீரை இழந்து கருகியது. மிச்சத்தை ஈரம் அழுகவைத்தது. குளிர் ஊரில் ஈரமான கலவை கொஞ்ச நாள் மன்னிக்கும். இங்கே ராத்திரியும் 28 டிகிரி, காற்றே புகாத ஈரத் தூள், கிருமிக்குக் கல்யாணச் சாப்பாடு.

"ஹார்டி" கதைக்கு வருகிறேன். இதைக் கேட்டபிறகுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் ஹார்டி என்று சொல்வது குளிரைத் தாங்கும் செடியை, வெயிலைத் தாங்குவதை அல்ல! அந்த மஞ்சள் பூ சிப்ரிபீடியம் என்கிற பேரினம். நம் நாட்டில் இமயமலையில், ஏழாயிரம் அடிக்கு மேல் அதன் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் தண்டு, இலை எல்லாம் மடிந்து, சுமார் மூன்று மாதம் 5 டிகிரியை ஒட்டின குளிரில் தூங்கினால்தான் அடுத்த மொட்டு வரும். டெக்சாஸ் கதை முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சாமர்த்தியம். கென்டக்கியென்சி என்று ஓர் இனம் கிழக்கு டெக்சாஸிலும் அர்கன்சாவிலும் உண்மையிலேயே வளர்கிறது. கோடை வெயிலையும் தாங்கும். ஆனால் அங்கே அதற்கு ஒரு குளிர்காலம் இருக்கிறது, பனி உறையும் குளிர்காலம். திருச்சி மார்கழியில் நான் ஸ்வெட்டரே எடுப்பதில்லை. எந்த மண்ணைப் போட்டாலும் இங்கே அந்தக் கிழங்கு பிழைக்காது.

வெயில் ஊர்க்காரர்களுக்கு உள்ள ஸ்லிப்பர் வேறு, பாஃபியோபெடிலம். அதிலும் இலையில் புள்ளி இருக்கிற வகைகள்தான் பெரும்பாலும் சூட்டைப் பொறுக்கும், அதாவது நான் என் கையாலேயே கொன்ற அந்தச் செடி. நம் பக்கத்திலேயே அகத்தியமலையில் ட்ரூரியை என்று மஞ்சள் பூ இனம் ஒன்று உண்டாம். 1865-இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தது, உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. பிடுங்கிப் பிடுங்கி விற்றே அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாஃபியோபெடிலம் முழுவதுமே 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து பிடுங்கினால் குற்றம். நர்சரியில் வளர்த்து விற்பதென்றாலும் உரிமம் வேண்டும். "மலையிலேர்ந்து நேரா வருதுக்கா" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

வீட்டுக்காரர் நேற்று ராத்திரி உண்மைக் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார். "செருப்புப் பூவுக்கு 6,480 ரூபாயா? அந்தக் காசுக்கு நாலு ஜோடி நல்ல செருப்பு வாங்கியிருக்கலாமே" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. செருப்படி என்றால் இதுதான்.

கலவை பற்றி விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். பையில் என்ன பொருள், எவ்வளவு பங்கு என்று அச்சிடாத கலவையை வாங்காதீர்கள். பிடித்தால் உருண்டை நிற்கும் கலவை வேண்டாம். மரப்பட்டை, கரி, ஓட்டுச் சில்லு தனித்தனியாக வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள். தேங்காய் நார்த்துண்டு சேர்ப்பதானால் கழுவின தண்ணீரில் உப்பை அளந்து பாருங்கள். மண் தொட்டி நல்லது, சுவர் வழியாக ஈரம் ஆவியாகி வேரைக் குளிர்விக்கும். சூட்டில் பட்டை சீக்கிரம் மக்கும், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். பூக்கிற செடியை, நன்றாக இருக்கிற செடியை, எவன் சொன்னாலும் புது மண்ணுக்கு மாற்றாதீர்கள். முன்பணம் முழுக்க அனுப்பாதீர்கள். ஏமாந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. என்னைப் போலப் பதினோரு நாள் "ஓனர் வருவார்" என்று காத்திருக்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பெண் ஒரு வீடியோ அனுப்பினாள். வேறு பெயரில் பக்கம், அதே குரல், அதே மஞ்சள் பூ. கலவை இப்போது 1,850. கீழே ஒருவர் "ஸ்ரீரங்கத்துக்கு அனுப்புவீர்களா?" என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று எழுதப் போனேன். அங்கேயும் என்னை முன்கூட்டியே தடை செய்திருக்கிறார்கள்.