டிராக் 07: வானொலியா, வீதியா, கைப்பேசியா?

மாயவரம் பக்கத்துக் குத்தாலம் கடைத்தெருவில் முன்பு ஒரு கைப்பேசிக் கடை இருந்தது. நாலு ஜிபி மெமரி கார்டைக் கொடுத்துவிட்டு டீ குடித்துத் திரும்பினால் நூற்றுக்கணக்கில் பாட்டு ஏறியிருக்கும். சினிமாப் பாட்டுதான் கேட்டேன். அவற்றுக்கு நடுவே, கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது ஒரு நாதஸ்வரம். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். உசேனி ராகம். ஊதியவர் யார், எந்த ஊர், எந்தக் காலம் என்று எதுவும் இல்லை. கோப்பின் பெயர் ‘டிராக் 07’. கடைக்காரரிடம் கேட்டேன். “யாரோ கொண்டுவந்த கார்டிலிருந்து ஏற்றினேன் சார்” என்றார்.

அன்று பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. அதிகம் பேர் அறியாத இசையைத் தேட எது நல்ல வழி என்று யாராவது கேட்டால், இந்த ஒரு கோப்பை வைத்துத்தான் எடைபோடுகிறேன். தெரிந்த பாட்டைக் கேட்க எந்த வழியும் போதும். தெரியாததைத் தேடுகிறவனுக்குத் தேவை இரண்டு. எனக்குக் கேட்கத் தோன்றாததை அது கொண்டுவர வேண்டும். கூடவே பெயரையும் கொண்டுவர வேண்டும்.

முதலில் வானொலி. திருச்சி நிலையம் 1939இல் தொடங்கியது. எங்கள் வீட்டில் அதன் காலை மங்கள இசை ஒலித்த பிறகுதான் அடுப்பு எரியும். அதைத் தொடர்ந்து பக்திப் பாடல்கள். பிள்ளையார் பாட்டு முடிந்த கையோடு நாகூர் ஹனீபா, அவருக்குப் பின்னால் ஒரு கிறிஸ்தவ கீர்த்தனை. அடுத்தடுத்து மூன்று சந்நிதி. நான் எந்த மதம், எனக்கு எது பிடிக்கும் என்று வானொலி விசாரித்ததே இல்லை. அதனால்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனை என் காதில் விழுந்தது. தமிழின் முதல் நாவலை எழுதியவர், மாயவரத்தில் முன்சீப்பாக இருந்தவர் என்று பள்ளியில் படித்ததோடு சரி. பக்கத்து ஊர்க்காரர் சர்வ சமயத்துக்கும் பொதுவாகக் கீர்த்தனை எழுதியிருக்கிறார் என்பதை எனக்குச் சொன்னது பாடப்புத்தகம் அல்ல, ஒரு மர்ஃபி ரேடியோப் பெட்டி.

பெயர் விஷயத்தில் வானொலியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பாடியவர், வயலின், மிருதங்கம், கடம் எல்லாம் வரிசையாக வரும். நிகழ்ச்சியின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கடைசியில் இன்னொரு முறையும் சொல்வார்கள். குறை என்னவென்றால், அது ஓடும் தண்ணீர். தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அபூர்வமான ஒன்று போனால் போனதுதான். மத்திய அலை வேறு, பக்கத்து வயலில் மோட்டார் போட்டால் கரகரக்கும். பண்பலை துல்லியமாக வருகிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் சினிமாப் பாட்டு, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

அடுத்தது வீதி. இந்த விஷயத்தில் டெல்டாக்காரனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, எனக்கும் உண்டு. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருவாவடுதுறையில் கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்தி, நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி கட்டுகிறார்கள். மரம் ஓர் ஊர், நாக்கு ஓர் ஊர். சாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி எழும்போது எதிரே நின்று கேட்டவனுக்கு ஒலிப்பதிவு என்பது நிழல்தான். தவில் அடி நெஞ்சுக்கூட்டில் விழும். ஒரு நாயனம் மூச்சு வாங்கும்போது இன்னொன்று எடுத்துக்கொள்ளும். வீதி மூலையில் சாமி நின்றுவிட்டால் ராகமும் நின்று நிதானமாக விரியும். மூன்று நிமிட இசைத்தட்டுக்குள் அடங்குகிற சமாச்சாரமா அது?

ஆனால் வீதிக்குக் காலண்டர் உண்டு. வைகாசித் திருவிழாவில் தவறவிட்டால் அடுத்த வைகாசி வரை காத்திருக்க வேண்டும். போதாததற்கு இப்போது பல கோயில்களில் மின்சார மேளம் வந்துவிட்டது. சுவிட்சைத் தட்டினால் மணியும் முரசும் தானாக இடிக்கும் அந்தப் பெட்டிக்கு ராகமும் கிடையாது, சம்பளமும் கிடையாது.

பெயர்க் கணக்கில் வீதி பாதி பாஸ். திருவிழா நோட்டீஸில் நாதஸ்வர வித்வான் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும், தவில்காரர் பெயர் அதற்கடுத்து. அதே நோட்டீஸில் நையாண்டி மேளமும் கரகமும் ‘குழுவினர்’. பறை அடிப்பவருக்கு அந்த ‘குழுவினர்’கூடக் கிடைப்பது அரிது. நடவுப் பாட்டு பாடிய பெண்களுக்கு நோட்டீஸே கிடையாது. நடவு இயந்திரம் இறங்கிய வயலில் பாட்டும் இல்லை. இசை சத்தமாகவே இருந்திருக்கிறது. அதைத் தேடிப் போகிறவன் பிடித்துக்கொள்ள ஒரு பெயர் மட்டும் இல்லை.

இனி கைப்பேசி. அதைத் திட்டித் தீர்க்கத்தான் உட்கார்ந்தேன், முழுவதும் முடியவில்லை. ஒரு நாள் இரவு நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தபோது யூடியூப் என்னைப் பிரான்சின் பிரிட்டனி பகுதிக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே பொம்பார்ட் என்று ஒரு குழல். அதற்கும் நம் சீவாளி போல இரட்டை நாக்கு. மூச்சைக் குடிக்கும் வாத்தியம். அதனால் ஊதுபவர் ஓர் அடி வாசித்து இளைப்பாற, கூட இருக்கும் துருத்திக் குழல் அந்த அடியைத் திருப்பி வாசிக்கிறது. அந்தத் துருத்தியிலேயே ஆதார சுருதியும் விடாமல் ஒலிக்கிறது, நம் ஒத்து மாதிரி. காவிரிக் கரையில் இருப்பவனுக்கு இதை எந்தக் கோயில் திருவிழா காட்டும்? எத்தியோப்பிய ஜாஸும் அப்படி வந்ததுதான். முலாத்து அஸ்தாத்கேயைக் கேட்டுவிட்டு அந்த நாட்டு ‘திசிதா’ ஸ்வர வரிசையைத் தேடினால், அதில் ஒரு வகை அச்சு அசல் மோகனம்.

இதைவிட வெட்கமான சங்கதி நாகூர். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர மக்களின் இசையைத் தேடிப் பதிவு செய்த ஒரு குழு, நாகூர் தர்காவின் பாடகர்கள் மூவரையும் ஒலிப்பதிவு செய்து வெளியிட்டது. பஸ் ஏறினால் நான் போய்விடக்கூடிய ஊர். கந்தூரிக்குப் பல முறை போயிருக்கிறேன், அல்வா வாங்கியிருக்கிறேன். அவர்கள் குரலை உட்கார்ந்து கேட்டது மட்டும் கைப்பேசியில்.

ஆக, கேட்கத் தோன்றாததைக் கொண்டுவரும் சோதனையில் அது தேறுகிறது, வானொலியைவிட அகலமாகவே. சறுக்குவது பெயரில். ‘நாதஸ்வரம்’ என்று தேடுங்கள். ‘கல்யாண மங்கள இசை’ என்று மணிக்கணக்கில் நீளும் கோப்புகள்தான் முன்னால் வந்து நிற்கும், வாசித்தவர் பெயர் இராது. ஆங்கில எழுத்தில் ‘தோடி’ என்று தட்டினால் இந்துஸ்தானி தோடி வந்து விழும். அது நம் கணக்கில் சுபபந்துவராளி, நம் தோடி முற்றிலும் வேறு. நாதஸ்வரத்துக்குப் பேர்போன செம்பொன்னார்கோயிலை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் தெரிந்து போகிறவனுக்கு அது கடல். தெரியாமல் போகிறவனைப் பத்து நிமிடத்தில் அதே நாலு பாட்டுக்குக் கொண்டுவந்து விடும் செக்கு.

கைமாற்றிக்கொள்வதைத் தனி வழியாகச் சொல்ல யோசிக்கிறேன். வாட்ஸ்அப்பில் வருவது டிராக் 07இன் தம்பிகள்தான், தலையும் இல்லை வாலும் இல்லை. விதிவிலக்கு பழைய ரசிகர்கள். ஸ்பூல் டேப்பில் பிடித்த கச்சேரிக்கு ராகம், தாளம், பக்கவாத்தியம், ஊர், தேதி என்று உறையில் பொடி எழுத்தில் எழுதி வைத்தவர்கள். அப்படிப்பட்டவர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால் நான் இதுவரை சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள்.

இல்லாதவர்களுக்கு என் யோசனை: காலையில் வானொலி, பக்கத்தில் ஒரு நோட்டு. அறிவிப்பாளர் சொல்லும் பெயரை எழுதிக்கொண்டு, இரவில் அதைக் கைப்பேசியில் தேடுங்கள். பெயருக்கு அது, நீளத்துக்கு இது. ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் வானொலியை எடுப்பேன். என் மகன் சிரிப்பான். வீதியை இந்தப் போட்டியில் சேர்க்கவே மாட்டேன். திருவிழா வந்தால் இரண்டையும் அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

டிராக் 07 என்ன ஆயிற்று? சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருந்த வயதான தவில்காரரிடம் போட்டுக் காட்டினேன். கைப்பேசியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். “தம்பி, இது பாரி இல்லை, திமிரி. சுருதி நாலரைக் கட்டை இருக்கும். பழைய ஆள்” என்றார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தைப் பரவலாக்குவதற்கு முன் எல்லோர் கையிலும் இருந்தது, சுருதி கூடிய குட்டையான திமிரிதான். மூன்று நிமிடச் சொச்சம் என்பது பழைய இசைத்தட்டின் ஒரு பக்கக் கணக்கு. இரண்டும் பொருந்துகிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிளம்பும்போது அவரே கூப்பிட்டார். “தட்டைக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற விட்டு, அதிலிருந்து பதிவு செய்திருந்தாலும் சுருதி இப்படித்தான் ஏறும், தம்பி.”

கோப்பின் பெயரை மாற்றியிருக்கிறேன்: ‘உசேனி, திமிரி?’ கேள்விக்குறியைக் கோப்புப் பெயரில் சேர்க்க முடியாது என்று கணினி மறுத்துவிட்டது. ‘திமிரியா’ என்று வைத்திருக்கிறேன்.